மின்னணுப் பொருள் ஏற்றுமதியும் வானொலி இடையூறுச் சோதனையும்

இந்தியாவின் ஏற்றுமதிப் பட்டியலில் மின்னணுப் பொருள்கள் இன்று முக்கிய இடம் பெற்றுள்ளன. 2023-24 நிதியாண்டில் இவற்றின் ஏற்றுமதி சுமார் 2,900 கோடி டாலராக இருந்தது. இதில் பெரும் பங்கு கைபேசிகளுடையது. அவற்றைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களிடம் வல்லுநர்களும் சோதனை வசதிகளும் உள்ளன. மின்வழங்கிகள், அளவைக் கருவிகள், கட்டுப்பாட்டுக் கருவிகள் ஆகியவற்றைத் தயாரிக்கும் சிறுதொழில் நிறுவனங்களின் நிலை வேறு. பொருள் நன்கு இயங்கலாம், விலை பொருந்தலாம், ஆர்டரும் கிடைக்கலாம். ஆயினும் வானொலி இடையூறு பற்றிய விதிகளை நிறைவு செய்யாவிடில் அப்பொருளை அயல்நாட்டில் விற்க இயலாது. இவ்விதிகளின் நோக்கத்தையும் நடைமுறையையும் அறிந்திருப்பது ஏற்றுமதியாளருக்கு இன்றியமையாதது.

இடையூறு பிறக்கும் விதம்

வானொலி அலைகளை ஒலிபரப்பும் சாதனங்கள் மட்டுமே அவ்வலைகளை வெளியிடுகின்றன என்று கருதுவது தவறு. மின்னோட்டம் மிக விரைவாக மாறும் ஒவ்வொரு சாதனமும் தன்னையறியாமலே ஒரு சிறு ஒலிபரப்பியாகிறது. வீடுகளில் பயன்படும், வெப்பநிலையை எண்களில் காட்டும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். அதனுள் இருக்கும் படிகம் விநாடிக்கு 2 கோடியே 40 லட்சம் துடிப்புகளை, அதாவது 24 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், எழுப்புவதாகக் கொள்வோம். இத்துடிப்புகளின் விளிம்புகள் செங்குத்தாக இருப்பதால் 72, 120 மெகாஹெர்ட்ஸ் போன்ற மடங்கு அதிர்வெண்களிலும் ஆற்றல் வெளிப்படுகிறது. கருவியுடன் இணைந்த கம்பி ஆன்டெனாவாகச் செயற்பட்டு அதனைப் பரப்புகிறது. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி விமானிகளும் கட்டுப்பாட்டு நிலையத்தாரும் உரையாடப் பயன்படுவது. 120 மெகாஹெர்ட்ஸ் இப்பகுதிக்குள் அடங்கும் என்பது கவனிக்கத்தக்கது.

பொருளாதார நோக்கில் இது பிறர் மீது சுமத்தப்படும் செலவாகும். இடையூறு செய்யும் கருவியை வாங்கியவருக்கோ விற்றவருக்கோ இழப்பில்லை. அண்டை வீட்டாரின் வானொலியும், சில வேளைகளில் பொதுப் பாதுகாப்புப் பணிகளும் பாதிக்கப்படுகின்றன. சந்தை தானாக இதனைச் சரிசெய்யாது. ஆகவேதான் அரசுகள் விதிகள் வகுத்தன.

விதிகளின் வளர்ச்சி

வானொலி பரவிய காலத்தில் மின்பொறிகளால் ஏற்பட்ட இரைச்சலைக் கட்டுப்படுத்த, பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் கீழ் 1934-இல் பாரிஸ் நகரில் ஒரு தனிக் குழு கூடியது. சிஸ்பர் எனப்படும் இக்குழுவின் தரநிர்ணயங்களே இன்றும் பல நாடுகளின் விதிகளுக்கு அடிப்படை. வீட்டுக் கணினிகள் தொலைக்காட்சிக்கு இடையூறாக அமைந்ததைத் தொடர்ந்து, அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1979-இல் கணிப்புச் சாதனங்களுக்கு வரம்புகள் விதித்தது. ஐரோப்பியச் சமூகம் 1989-இல் பிறப்பித்த மின்காந்த ஒத்தியைபு ஆணை 1996 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. அதன் இடத்தில் இப்போது 2014-ஆம் ஆண்டின் ஆணை நடைமுறையில் உள்ளது.

இரண்டு சந்தைகள், இரண்டு முறைகள்

அமெரிக்க முறையில் சாதனங்கள் இரு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. தொழிற்கூடங்களிலும் வணிக இடங்களிலும் பயன்படுபவை ‘ஏ’ வகுப்பு. வீடுகளில் பயன்படுபவை ‘பி’ வகுப்பு. 120 மெகாஹெர்ட்ஸில் ‘பி’ வகுப்புக்கான வரம்பு, 3 மீட்டர் தொலைவில், மீட்டருக்கு 150 மைக்ரோவோல்ட். ‘ஏ’ வகுப்புக்கும் இதே எண்தான். ஆனால் அளக்கும் தொலைவு 10 மீட்டர். எனவே வீட்டுச் சாதனங்களுக்கான விதியே கடுமையானது. தொழிற்கூடத்திற்கென வடிவமைத்த கருவியை வீட்டுச் சந்தைக்கு அனுப்ப முற்படுவோர் இவ்வேறுபாட்டை முதலிலேயே கருத வேண்டும்.

வானொலி அலைகளை வேண்டுமென்றே வெளியிடாத கருவிக்கு, உரிய சோதனைக்குப்பின், விநியோகிப்பவரின் இணக்க அறிவிப்பு போதுமானது. ஆனால் அவ்வறிவிப்புக்குப் பொறுப்பேற்பவர் அமெரிக்காவில் இருத்தல் வேண்டும். வைஃபை போன்ற ஒலிபரப்பும் பகுதி கொண்ட சாதனத்திற்கு அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு அமைப்பின் சான்றிதழ் தேவை. ஏற்கெனவே சான்று பெற்ற வைஃபை பகுதியை வாங்கிப் பொருத்தினால் சுமை குறையும். எனினும் கருவியின் எஞ்சிய பகுதியைச் சோதிக்கும் கடமை நீங்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘சி.இ.’ குறியீடு தேவை. பல சாதனங்களில் இதனைத் தயாரிப்பாளரே தம் பொறுப்பில் பொறிக்கலாம். அதற்கு ஆதாரமான தொழில்நுட்ப ஆவணங்களை 10 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2021 ஜூலை 16 முதல் இத்தகைய பொருள்களுக்கு ஒன்றியத்துக்குள்ளேயே ஒரு பொறுப்பாளர் இருப்பதும் அவசியமாகும். மேலும், சாதனம் பிறருக்கு இடையூறு செய்யாதிருந்தால் மட்டும் போதாது. பிற இடையூறுகளைத் தாங்கவும் வேண்டும். அமெரிக்க ஆணையத்தின் விதிகள் பொதுவாக இத்தாங்குதிறனைச் சோதிக்கக் கோருவதில்லை. ஆகவே அமெரிக்காவுக்கான சோதனை அறிக்கையை மட்டும் கொண்டு ஐரோப்பாவுக்கு அனுப்ப இயலாது. வைஃபை கொண்ட கருவிக்கு ஐரோப்பாவில் வானொலிச் சாதன ஆணை பொருந்தும்.

சோதனைக்கூடத்தில் நடப்பது

முதற்சோதனை மின்கம்பி வழியாகத் திரும்பிச் செல்லும் இரைச்சலைப் பற்றியது. 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இது அளக்கப்படுகிறது. இரண்டாவது, காற்றில் பரவும் அலைகளைப் பற்றியது. இது 30 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. கருவியைச் சுழல்மேடையில் வைத்துத் திருப்பியும், ஆன்டெனாவை 1 முதல் 4 மீட்டர் வரை உயர்த்தியும், மிக அதிகமான அளவு எதுவெனக் கண்டறிகின்றனர். வெளி அலைகள் புகாத அறை அல்லது தடைகளற்ற திறந்தவெளித் திடல் இதற்குத் தேவை. இத்தகைய வசதியைச் சிறு நிறுவனம் தானே அமைத்துக்கொள்வது கடினம்.

இந்நிலையில் அரசு அமைப்புகள் துணைபுரிகின்றன. 1984-இல் தொடங்கப்பட்ட ‘சமீர்’ என்னும் நுண்ணலை ஆய்வு நிறுவனம் மும்பை, சென்னை ஆகிய இடங்களில் இச்சோதனைகளை நடத்துகிறது. மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழுள்ள தரச் சோதனை, சான்றளிப்பு இயக்ககத்துக்கும் ஆய்வகங்கள் உள்ளன. தனியார் ஆய்வகங்களும் உண்டு. ஆய்வகத்தை நாடுமுன், அதன் அறிக்கையை வாங்கும் நாடு ஏற்குமா என்பதை எழுத்து மூலம் உறுதிசெய்துகொள்வது நலம்.

செலவு கூடுவது எங்கே?

சோதனைக் கட்டணத்தைக் காட்டிலும் தோல்விக்குப் பின் வரும் செலவே பெரிது. மின்சுற்றை வரையும்போதே கம்பிச்சுற்றுகளைச் சிறிதாக்குவது, மின்பலகையில் தரையிணைப்புத் தளம் அமைப்பது, மின்சாரம் நுழையும் இடத்தில் வடிகட்டி வைப்பது ஆகியவற்றுக்குச் சிறு தொகையே ஆகும். பலகை அச்சாகி, உறைக்கான வார்ப்பு முடிந்து, கப்பலேற்றும் நாளும் குறித்த பின்னர் குறை தெரியவந்தால் அனைத்தையும் மீண்டும் செய்ய நேரிடும். தாமதத்தால் ஆர்டரே கைநழுவக்கூடும்.

இரண்டு தவறான எண்ணங்கள் இங்குக் குறிப்பிடத்தக்கவை. தனித்தனியே ‘சி.இ.’ குறியீடு பெற்ற பகுதிகளை இணைத்தால் முழுக் கருவியும் தகுதி பெற்றுவிடும் என்பது ஒன்று. இணைக்கும் கம்பியே புதிய இடையூறுக்குக் காரணமாகலாம். சான்று ஒருமுறை பெற்றால் என்றும் செல்லும் என்பது மற்றொன்று. சோதிக்கப்படுவது ஒரு மாதிரி. விற்கப்படுவதோ ஆயிரக்கணக்கான கருவிகள். மலிவாகக் கிடைக்கிறதென்று மின்வழங்கியை மாற்றினால் பழைய அறிக்கை புதிய பொருளுக்குச் சான்றாகாது. ஆகவே கொள்முதல் பிரிவு உதிரிப்பாகம் எதையும் மாற்றுமுன் வடிவமைப்புப் பிரிவின் ஒப்புதலைப் பெறும் முறை வேண்டும்.

மாவட்டத் தொழில் மையங்களும் ஏற்றுமதி வளர்ச்சி அமைப்புகளும் தொழில் முனைவோருக்குக் கடன், மானியம் பற்றி விளக்கும் வேளையிலேயே இவ்விதிகளையும் எடுத்துரைப்பது பயன் தரும். பொறியியற் கல்லூரிகளில் மின்சுற்று வடிவமைப்பைப் பயிலும் மாணவர்களும் இடையூறுத் தடுப்பை அதன் ஒரு பகுதியாகவே கற்க வேண்டும். இணக்கச் சான்று என்பது ஏற்றுமதியின் இறுதி நாளில் தேடும் தாளன்று. வடிவமைப்பின் முதல் நாளில் தொடங்கி, உற்பத்தியின் கடைசி நாள் வரை தொடரவேண்டிய பணியாகும்.