இணைந்து ஒலிக்கும் பெட்டிகள்

மிருதங்கத்திற்கு இரண்டு முகங்கள் உண்டு. வலப்பக்கம் வலந்தலை, இடப்பக்கம் தொப்பி. வலந்தலையின் நடுவில் கருஞ்சாந்து நிலையாகப் பூசப்பட்டிருக்கும். தொப்பியின் நடுவிலோ, வாசிப்பதற்குச் சற்று முன்னர் ரவையைப் பிசைந்து ஒட்டுவர். அந்த எடையால் தோல் மெதுவாக அதிர்ந்து கனத்த ஒலியைத் தரும். 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரான சர் சி. வி. இராமன், இத்தகைய தோற்கருவிகளின் அதிர்வையும் ஆராய்ந்தவர். இரு முகங்களும் சுருதி சேர்ந்தால்தான் மிருதங்கம் ஒரே கருவியாக ஒலிக்கும். வீட்டில் வைக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் இது பொருந்தும்.

பெங்களூருவின் அடுக்ககங்களில் கூடம் சிறியது. ஆகவே, பலர் புத்தக அலமாரியில் அடங்கும் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளையே வாங்குகின்றனர். தாழ்ந்த ஒலியை எழுப்ப மிகுதியான காற்றை அசைக்க வேண்டும். நான்கு, ஐந்து அங்குலக் கூம்புக்கு அது கடினம். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டாருக்குத் தனியிடம் உண்டு. அக்கருவியின் மிகத் தாழ்ந்த ஒலி நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள், அதாவது 41 ஹெர்ட்ஸ். சிறிய பெட்டிகளில் அது மெலிந்துவிடும். அக்குறையை நிரப்புவதே சப்வூபர்.

இவற்றைப் பொருத்துவதில் நான்கு படிகள் உள்ளன.

முதலாவது, எல்லை வகுத்தல். சப்வூபரின் கிராஸ்ஓவர் குமிழை 80 ஹெர்ட்ஸ் அளவில் வைத்துத் தொடங்கலாம். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கும் மேல். அதனினும் தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது எனச் செவியால் எளிதில் அறிய இயலாது. எல்லையை மிக உயர்த்தினால் பாடகரின் குரலும் மூலையிலுள்ள பெட்டியிலிருந்து வருவதாகத் தோன்றும்.

இரண்டாவது, இடம் தேர்தல். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி பெருகும். சில வேளைகளில் முழங்கும். கேட்போர் அமரும் இடத்தில் சப்வூபரை வைத்துப் பாடலை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகக் குனிந்தபடி சுற்றிவர வேண்டும். எங்கே ஒலி சீராகக் கேட்கிறதோ, அதுவே சப்வூபருக்கு உரிய இடம்.

மூன்றாவது, அசைவை ஒன்றாக்கல். ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுத்தால் இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று குறைக்கும். பெட்டியின் பின்புறம் 0, 180 எனக் குறித்த விசை இருக்கும். எந்நிலையில் ஒலி நிறைவாக உள்ளதோ அதனைக் கொள்க.

நான்காவது, அளவு. ஒலியளவைச் சுழியிலிருந்து சிறிது சிறிதாக உயர்த்துக. சப்வூபர் தனியே கேட்கக் கூடாது. நிறுத்தினால் மட்டும் குறை தெரிய வேண்டும்.

தாழ்ந்த ஒலி சுவரையும் கூரையையும் எளிதில் கடக்கும். அண்டை வீட்டாருக்குப் பாடல் கேட்காது. ‘தும் தும்’ என்னும் அதிர்வு மட்டுமே கேட்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. எனினும், இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோரும் இந்நகரில் உள்ளனர். பெட்டியைப் பொதுச்சுவரிலிருந்து தள்ளி, தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வைத்து, அளவைக் குறைப்பது நல்லது. அண்டை வீட்டாரிடம் ஒருமுறை கேட்டறிதல் அதனினும் நல்லது.

பயிற்சி

1. தொப்பியில் ரவை ஒட்டுவதன் பயன் யாது?
2. சப்வூபரின் ஒலியளவு சரியாக உள்ளதை எவ்வாறு அறியலாம்?
3. பிரித்து எழுதுக: கருஞ்சாந்து, அதனினும்.
4. உங்கள் வீட்டு இசை அண்டை வீட்டாருக்கு இடையூறாகாதிருக்க நீங்கள் செய்வனவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.