பந்து மூட்டு: தேய்வது ஏன்? கழற்றுவது எப்படி?

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும், பிரேக்கின் இழுப்பையும் வளைவின் பக்கவிசையையும் தாங்கிக்கொண்டே முன்சக்கரம் திரும்பவும் மேலும் கீழும் அசையவும் இடங்கொடுப்பது, மெக்கானிக்குகள் பால் ஜாயிண்ட் என்றழைக்கும் சிறிய பந்து மூட்டேயாகும். இடுப்பெலும்புக் குழியில் தொடையெலும்பின் தலை சுழல்வதைப் போன்று, கிண்ணமொன்றில் கிரீஸில் தோய்ந்த எஃகுக் குண்டு சுழல்கிறது. அதை மூடிய ரப்பர் உறை கிழிந்துவிட்டாலோ, சேர்வராயன் மலையின் மழைநீரும் மண்ணும் உட்புகுந்து, கிரீஸைக் கெடுத்து, குண்டை அரைத்துவிடுகின்றன. பள்ளத்தில் இறங்குகையில் கேட்கும் 'கடக்' என்ற சப்தம் அதன் முறையீடு. அதை அலட்சியம் செய்வது பிராணாபத்து.

வீட்டிலேயே மாற்ற முனைவோர், ஜாக்கியை மட்டும் நம்பாமல், வண்டியை உறுதியான தாங்கிகளின்மீது நிறுத்துதல் அவசியம். நட்டைத் தளர்த்திய பின்னும் மூட்டு அசையாதிருப்பதே இதிலுள்ள விசித்திரம். கூம்பு வடிவான அதன் தண்டு, அதே வடிவான துளையில் ஆப்பைப் போல் இறுகி, உராய்வினாலேயே நிலைபெற்றிருக்கிறது. ஆகையால் மரையின்மீது அடிப்பது விருதா. துளையைச் சூழ்ந்த இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கியடித்தால், துளை க்ஷணநேரம் வடிவம் பிறழ, பிடி விட்டுப்போகிறது. அப்போது தெறித்து விழாதபடி நட்டைச் சில சுற்றுகளேனும் மரையில் விட்டுவைப்பது விவேகம். சிறிய கார்கள் பலவற்றில் மூட்டு தனியே கிடைக்காது. அது பொருந்தியுள்ள கீழ்க்கரத்தையே மாற்ற நேரும். புதியதைப் பூட்டுகையில், நட்டைப் பூட்டும் காட்டர் பின்னைச் செருகும் துளை நேர்படாவிடில், நட்டை மேலும் இறுக்கவேண்டுமேயன்றி ஒருபோதும் தளர்த்தலாகாது.