வெள்ளைச் சீட்டுக்கு நிற்கப் போகிறவளிடம்

நிற்கலாமா மாமா என்று கேட்டாய். தாராளமாக நில்லும்மா. ஆனால் ஒரு டீ குடிப்பதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. மாஸ்டரிடம் இன்னொரு ரவுண்டு சொல்லிவிட்டு உட்கார்.

எதற்கு நிற்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். நம் படப்பை கிராம ஊராட்சி. குன்றத்தூர் ஒன்றியத்தில் இருக்கிறது. வாக்குச்சாவடிக்குள் போனால் நான்கு சீட்டுத் தருவார்கள். வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்கு பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சைக்கும் மஞ்சளுக்கும் கட்சிச் சின்னம் உண்டு. உன் வெள்ளைச் சீட்டில் கட்சியே கிடையாது. கொடுக்கிற பொதுச் சின்னத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பக்கத்தில் குன்றத்தூரும் மாங்காடும் 2021இல் நகராட்சி ஆகிவிட்டன. அங்கே கவுன்சிலருக்கே கட்சிச் சின்னம், வாக்கு இயந்திரம். தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிக் கொடி பிடிக்காமல் ஒரு சாதாரண ஆள் ஜெயிக்க வாய்ப்புள்ள இடம் இந்த வெள்ளைச் சீட்டுதான். அதனால்தான் உன்னை நிற்கச் சொல்கிறேன்.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் போன ஊரகத் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. அரசியல் சட்டப்படி ஊராட்சிக்கு ஐந்தாண்டுதான் ஆயுள். அறிவிப்பு வந்தபிறகு வேலையைத் தொடங்குகிறவருக்கு நோட்டீஸ் அடிக்கவும் கும்பிடு போடவும்தான் நேரமிருக்கும். உன் பிரச்சாரம் இப்போதே தொடங்கவேண்டும். அதற்கான இடம் கிராம சபை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எவரும் அதில் உறுப்பினர். மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டிய ஊராட்சியில் 300 பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். பல ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை உட்காரவைத்து, நோட்டில் கையெழுத்து வாங்கி, வடை கொடுத்து முடித்துவிடுகிறார்கள். நீ உன் தெருவிலிருந்து பத்துப் பெண்களோடு போ. வரவு செலவு வாசிக்கும்போது கவனமாகக் கேள். தெருவிளக்குக்கு இவ்வளவு, மோட்டார் ரிப்பேருக்கு இவ்வளவு என்று படிப்பார்கள். எந்தத் தெரு, எந்த மோட்டார், எந்த மாதம் என்று மரியாதையாகக் கேள். பதில் வராவிட்டால், கேட்டதாகத் தீர்மான நோட்டில் எழுதச் சொல். இப்படி ஒரு வருஷம் கேட்டவளை ஊருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது வாக்குறுதி. வார்டு மெம்பரால் முடிகிறதை மட்டும் சொல். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, கால்வாய், குப்பை, தெரு ரோடு, இவற்றுக்காக ஊராட்சிக் கூட்டத்தில் பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம், கணக்குக் கேட்கலாம். பட்டா வருவாய்த் துறையின் வேலை. ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறையின் வேலை. மனு எழுத உதவலாம், வாங்கித் தருகிறேன் என்று சொல்லக்கூடாது. நம் பகுதியில் இன்னொரு பெரிய பொய் இருக்கிறது. ஒரகடம் கம்பெனியில் பையனுக்கு வேலை என்பார்கள். ஒரு வீட்டில்கூட அதைச் சொல்லாதே. நீயே காண்ட்ராக்ட்டில் ஷிப்ட் பார்க்கிறவள், உனக்குத் தெரியாததா?

கம்பெனி என்றதும் இன்னொன்றைச் சொல்லவேண்டும். ஊராட்சியோடு ஒப்பந்தத்தில் இருப்பவர் மெம்பராக இருக்கமுடியாது, சட்டம் தடுக்கிறது. ஆனால் கம்பெனியின் ஸ்கிராப், வேன், லேபர், தண்ணி லாரி காண்ட்ராக்ட்டுகளை அந்தச் சட்டம் தொடுவதில்லை. இந்த ரோட்டோரத்து ஊர்களில் பதவியின் ருசியே அதில்தான் இருக்கிறது. காண்ட்ராக்ட் கொடுத்த கம்பெனி கழிவுநீரை ஏரிக் கால்வாயில் விட்டால் நீ எந்த வாயால் கேட்பாய்? நானும் என் வீட்டாரும் எந்தக் கம்பெனியிலும் காண்ட்ராக்ட் எடுக்கமாட்டோம் என்று நோட்டீஸிலேயே அச்சடித்துவிடு. இந்த ஒரு வரி மற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

கேரளாவில் கிழக்கம்பலம் என்று ஓர் ஊர். கிடெக்ஸ் ஆடை நிறுவனத்தின் பின்னணியில் உருவான ட்வென்டி20 அமைப்பு 2015இல் அங்கே 19 வார்டில் 17ஐப் பிடித்தது. நல்ல ரோடு போட்டார்கள், சலிசு விலையில் மளிகை கொடுத்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் கம்பெனியைக் கேள்வி கேட்கவேண்டிய பஞ்சாயத்தைக் கம்பெனியின் ஆட்களே நடத்தினால், கேள்வி யாரிடமிருந்து வரும்? இத்தனை தொழிற்சாலை சூழ வாழ்கிற நாம் இதை யோசித்தாகவேண்டும்.

இதற்கு நேர்மாறான ஊரைப் பார்க்கக் கேரளா போகவேண்டாம். பூந்தமல்லியைத் தாண்டினால் குத்தம்பாக்கம். 1996இல் அங்கே தலைவரானவர் இளங்கோ. தலித் குடும்பத்தில் பிறந்து, கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, அரசு ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கால்வாய் கட்ட, கிரானைட் பாலிஷ் போடுகிற இடங்களில் கழித்துப்போட்ட கற்களைக் கொண்டுவந்து செலவைக் குறைத்தார். மதிப்பீட்டில் இருந்தபடி கட்டவில்லை என்று அவர்மேல் குற்றம் வந்து பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். அப்போது அவரைக் காப்பாற்றியது கிராம சபை. ஊரே கூடி, எங்கள் தலைவர் தப்புச் செய்யவில்லை என்று நின்றது. பதவி திரும்ப வந்தது. ஊரார் ஏன் நின்றார்கள்? எந்தக் கல் எங்கிருந்து வந்தது, எவ்வளவு மிச்சம் என்பது முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கணக்கை அவர் மறைத்து வைத்திருந்தால் அன்றைக்கு யார் வந்திருப்பார்கள்?

அதே ஊரில்தான் இரட்டை வீடுகள் கட்டினார்கள். நடுச்சுவருக்கு ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேறு சாதிக் குடும்பம். நம் ஊரில் ஓட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் முதலில் காலனியில் எத்தனை, ஊர்த்தெருவில் எத்தனை என்றுதான் எண்ணுகிறார்கள். நீ அந்தக் கணக்கையே போடாதே. எல்லா வாசலுக்கும் போ, தண்ணீர் கொடுத்தால் எல்லா வீட்டிலும் வாங்கிக் குடி. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை, தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதற்காகவே வெட்டிக் கொன்ற நாடு இது. இதில் நடுநிலை என்று ஒன்று இல்லை.

வீடு வீடாகப் போகும்போது ஷிப்ட் பார்த்துப் போ. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவரை எழுப்பி ஓட்டுக் கேட்டால் அவர் ஓட்டு மட்டுமல்ல, பக்கத்து அறையின் ஓட்டும் போய்விடும். லைன் வீடுகளில் ஒடிசா, பிகார், அசாம் பிள்ளைகளும் நம் தென்மாவட்டத்துப் பெண்களும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஓட்டு சொந்த ஊரில். ஓட்டு இல்லாத வீட்டுக்கு எதற்கு என்று கூட வருகிறவர்கள் இழுப்பார்கள். நீ போய்விட்டு வா. அவர்கள் குடிப்பதும் இதே ஊராட்சித் தண்ணீர்தான், அவர்கள் வாடகையில்தான் பாதித் தெரு நடக்கிறது. இங்கேயே தங்கிவிட்டவர் விரும்பினால் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல். எனக்குப் போடுங்கள் என்பதை அதோடு சேர்க்காதே.

பணத்துக்கு வருகிறேன். போன தேர்தல்களில் வார்டு மெம்பர் வேட்பாளருக்குச் செலவு வரம்பு 9,000 ரூபாய், டெபாசிட் 200. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100. நோட்டீஸ், ஒரு நாள் ஆட்டோ, போலீஸ் அனுமதியோடு மைக், கூட வருகிறவர்களுக்கு டீ. இதற்குமேல் தேவையும் இல்லை. சில நூறு ஓட்டுள்ள வார்டில் பத்துப் பதினைந்து ஓட்டில் முடிவு மாறும், அதனால் பணக் கவர் கனமாகவே வரும். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவு இரண்டையும் லஞ்சம் என்கிறது. ஆனால் வாங்கிய பாட்டியிடம் போய்ச் சட்டம் பேசாதே. அவர்மேல் கோபமும் வேண்டாம். பணம் கொடுத்தவர் செலவழித்ததை எந்தக் கால்வாயிலிருந்து திருப்பி எடுப்பார் என்பதைப் பொறுமையாகப் பேசு. சில ஊர்களில் பதவியையே ஏலம் விட்டுக் கோயிலுக்குப் பணம் கட்டுகிறார்கள். கோயில் பேரைச் சொன்னாலும் அது ஊரார் ஓட்டை விற்பதுதான்.

கடைசியாக, உன் பெயர். 2016இல் வந்த திருத்தத்தால் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அப்படியும் எத்தனை நோட்டீஸில் கணவர் படம் பெரிதாகவும் வேட்பாளர் படம் தபால்தலை மாதிரியும் இருக்கிறது! உன் நோட்டீஸில் உன் படம், உன் போன் நம்பர், அதை எடுப்பதும் நீ. மாப்பிள்ளை சைக்கிளில் நோட்டீஸ் கொடுக்கட்டும், நல்ல பையன்தான், செய்வார். ஊராட்சிக் கூட்டத்துக்கு அவர் வரக்கூடாது என்பதை இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தாகவேண்டும். கொடுக்காதவரை மூன்று வருஷத்துக்கு நிற்கவிடாமல் தகுதிநீக்கம் செய்கிறார்கள். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போட்டு டீச் செலவு உட்பட எழுதி, பில்களை ஊசி குத்தி வை. கணக்கைக் கொடுத்த அன்றே அதன் நகலை உன் தெரு முனையில் ஒட்டு. அடுத்து வருகிற கிராம சபைக்கு மெம்பராக இல்லாவிட்டாலும் வாக்காளராகப் போகலாம். அதே பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போ, மோட்டார் ரிப்பேர்க் கணக்கை அங்கே மறுபடி கேள்.