கெம்போங் மீன்: கூட்டமே காவல், கூட்டமே கண்ணி

பந்திங்கில் வளர்ந்த எனக்கு மீன் என்றாலே கெம்போங்தான். செம்பனைத் தோட்டத்திற்குள் மோட்டார் சைக்கிளில் மீன்காரர் ஹாரன் அடித்து வந்ததும் அம்மா சட்டியோடு வாசலுக்குப் போவார். “இன்னைக்கும் கெம்போங்தானா?” என்று நான் சலித்துக்கொள்வேன். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அதே மீனை அறுத்துப் பார்த்த நாளில்தான், இத்தனை ஆண்டுகள் உண்ட மீனைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியவில்லை என்பதை உணர்ந்தேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் இதனைக் கானாங்கெளுத்தி என்றும் அயிலை என்றும் அழைக்கிறார்கள். அறிவியல் பெயர் ராஸ்ட்ரெல்லிகர் கானகுர்தா. பாட்ரிக் ரஸ்ஸல் 1803-இல் வெளியிட்ட விசாகப்பட்டினத்து மீன்கள் பற்றிய நூலில் அவ்வூர் மக்கள் வழங்கிய பெயரையே பதிவு செய்தார். 1816-இல் கூவியே அதனை அறிவியல் பெயராக்கினார். நம் கரையோர மக்களின் சொல் உலகெங்கும் வழங்குவது பெருமைக்குரியதல்லவா?

பெயரின் முன்பகுதிக்கு ‘சிறு வாரியைத் தாங்கியது’ என்று பொருள். செவுள் மூடியைத் தூக்கினால் காரணம் புரியும். உள்ளே சீப்பின் பற்களைப் போல நீண்ட முட்கள் வரிசையாக இருக்கும். கெம்போங் வாயை அகலத் திறந்தபடியே நீந்தும். உட்புகும் நீர் செவுள் வழியே வெளியேற, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை இம்முட்கள் வடிகட்டி நிறுத்திவிடும்.

நம் பசாரில் கெம்போங் என்று விற்பது ஒரே இனமன்று. உடல் சற்று ஒடுங்கி நீண்டிருப்பது கானகுர்தா. உடல் அகன்று குட்டையாக இருப்பது பிராக்கிசோமா. இந்தோனேசியர்கள் இவற்றை ஆண் கெம்போங், பெண் கெம்போங் என்கிறார்கள். உண்மையில் இவை இரு வேறு இனங்கள். ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் உண்டு. பிராக்கிசோமா, ஆற்றுநீர் கலந்து உப்பு சற்றுக் குறைந்த கரையோரக் கடலையும் தாங்கி வாழும்.

கெம்போங் ஒருபோதும் தனித்து வாழ விரும்பாது. ஏறக்குறைய ஒரே அளவுள்ள மீன்கள் பெருங்கூட்டமாகத் திரியும். இக்கூட்டத்திற்குத் தலைவன் கிடையாது. கண்ணாலும், உடலின் இரு பக்கமும் உள்ள பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பாலும் ஒவ்வொரு மீனும் அண்டை மீனின் அசைவை அறிந்து உடனே திரும்பும். தெங்கிரி போன்ற பெரிய மீன் பாய்ந்தால், பளபளக்கும் நூற்றுக்கணக்கான உடல்களுக்கு நடுவே எதனைக் குறிவைப்பது என்று அது தடுமாறிப்போகும்.

ஆனால், தெங்கிரியிடமிருந்து காக்கும் அதே ஒற்றுமைதான் மனிதனிடம் கெம்போங்கைச் சிக்கவைக்கிறது. மலாயில் ‘புக்காட் ஜெருட்’ எனப்படும் சுருக்குமடி வலை, கூட்டத்தை வட்டமாக வளைத்து, அடிக்கயிற்றை இழுத்ததும் பாட்டியின் சுருக்குப்பை போல மூடிக்கொள்ளும். சிதறி ஓடாமல் ஒன்றாய் நெருங்கும் கூட்டம் மொத்தமாக அகப்படுகிறது. இவ்வலைக்குத் தமிழ்நாடு அரசு 2000-இல் தடை விதித்தது. 2023-இல் இந்திய உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நிபந்தனைகளுடன் அனுமதித்தது. மலேசியாவில் உரிமம் பெற்றவர்கள் இதனைப் பயன்படுத்துகிறார்கள்.

கெம்போங் சில ஆண்டுகளே வாழும். முட்டைகளைக் கடலில் மிதக்கவிட்டுச் சென்றுவிடும். முட்டையிடும் பருவத்தை எட்டும் முன்பே பிடிபடும் மீன் தனக்குப்பின் எதையும் விட்டுச் செல்வதில்லை.

சென்ற விடுமுறையில் பந்திங் பசாரில் அம்மா விரல் நீளக் கெம்போங்கைப் பொறுக்கினார். “இதெல்லாம் குஞ்சும்மா, வேணாம்” என்றேன். “பெருசு வாங்குற காசுல இத வாங்குனா ரெண்டு நாளு குழம்பு வைக்கலாம்டா” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குறைந்த வருமானத்தில் என்னைப் படிக்க வைத்த கணக்கு அது. அன்று பெரிய மீனில் அரைக் கிலோ மட்டும் வாங்கி வந்தோம். குழம்பில் துண்டுகள் குறைந்தன. அம்மா கத்தரிக்காயைச் சேர்த்துச் சரிக்கட்டினார்.

நண்பர்களே, அடுத்த முறை பசாருக்குப் போகும்போது ஒரு கெம்போங்கின் செவுளைத் தூக்கிப் பாருங்கள். அந்தச் சிறு சீப்பைக் கண்டவர் இதனை மலிவு மீன் என்று மறுபடியும் சொல்லமாட்டார்.