தோணியின் உட்பலகை பேணல்



தோணியின் உட்பலகையைக் கெடுப்பது கடல்நீர் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அதனை உக்கச் செய்வது மழைநீரேயாகும். மரத்தை உண்ணும் பூஞ்சணம் உப்பில் எளிதில் வளர்வதில்லை. தேங்கிய நன்னீரிலும் காற்றோட்டமற்ற மூலைகளிலும் அது செழித்து வளரும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்குக் குறையுமாயின் அதன் வளர்ச்சி நின்றுவிடும். ஆதலின், பூசுவதற்கு முன் உலர்த்துவதே முதற்கடமை.

கல்முனைக் கரையில் வாடைக்காற்று மழையைக் கொணரும். கச்சான் காற்று வறட்சியைக் கொணரும். இப்பணிக்கு உகந்தது கச்சான் காலமே. எனினும் கடும் வெயில் பலகையை வெடிக்கச் செய்யுமாதலால், தோணியைக் கிடுகுப் பந்தலின் நிழலில் வைத்தல் வேண்டும்.

முதலில் அடிப்பலகைகளைக் கழற்றி, உட்புறத்தை நன்னீரால் கழுவுக. மரத்தில் எஞ்சும் உப்புக் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். அதன்மேல் எப்பூச்சும் நிலையாது. பலநாள் உலர்ந்தபின், பலகைகளைத் தாங்கும் வங்குகளைக் கத்திமுனையால் குத்திப் பார்த்தல் வேண்டும். நல்ல மரம் நீண்ட சிராயாகப் பெயரும். உக்கிய மரம் துகளாக உதிரும். அத்தகைய வங்கினை ஓடாவியைக் கொண்டு மாற்றுவதே முறை. அதனை வண்ணத்தால் மறைப்பவர், கரையில் உடையும் அலைக்குத் தம் உயிரைப் பணயம் வைப்பவராவார்.

பின்னர் பழைய பூச்சைச் சுரண்டி, மரத்தின் ரேகை வழியே மண்கடுதாசியால் தேய்க்க வேண்டும். வார்னிஷின் முதற்பூச்சில் தர்ப்பந்தைலம் கலந்து நீர்க்கச் செய்தால், அது மரத்துள் ஊறும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் இலேசாகத் தேய்த்தே அடுத்ததைப் பூசுக. கால் மிதிக்கும் அடிப்பலகைகளுக்கு எண்ணெயே ஏற்றது, வார்னிஷ் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிதல் ஆகாது. அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும், விரித்து உலர்த்துக.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் இக்கரையின் கலங்கள் பலவற்றை அழித்தது. அதன்பின் கண்ணாடி நாரிழைப் படகுகள் பெருகின. எஞ்சிய மரத்தோணிகளுக்கும் அந்நாரிழையைப் போர்த்தலாம் என்போர் உளர். ஈரமரத்தின்மேல் அதனைப் போர்த்தினால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளிருந்தே மரம் உக்கும்.

இறுதியாக ஒன்று. வங்குகளின் கீழுள்ள நீரோடு துளைகளைத் தூர்ந்துபோக விடாதீர்கள். மழைக்காலத்தில் தோணியை மூடும்போதும், இருமுனையிலும் காற்றுப் புக வழி விடுங்கள். பூச்சு மரத்திற்கு அழகு. காற்றே அதற்கு ஆயுள்.