வட்டுக்கு எண் தரும் கெர்னல்

லினக்ஸ் இயங்கும் கணினியில் ஒரு பென் டிரைவைச் செருகியவுடன் அதற்கு எஸ்டிபி என்றோ எஸ்டிசி என்றோ ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. இப்பெயரை இடுவது, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருந்து வட்டுகளை ஆளும் இயக்கி என்னும் நிரற்பகுதி; அது முதலில் ஓர் எண்ணைத் தேர்ந்து, பின் அந்த எண்ணையே எழுத்தாக்கி எஸ்டி என்பதன் பின்னே சேர்க்கிறது. சென்னையில் உள்ள சி-டாக் என்னும் கணினி ஆய்வு மையத்தில் உருவாகி 2007-இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் உட்பட, இந்தக் கெர்னலைக் கொண்ட இயங்குதளங்கள் அனைத்திலும் இதுவே நடைமுறை.

விதி எளியது: எவருக்கும் வழங்கப்படாத எண்களுள் மிகச் சிறியது எதுவோ அதுவே புதிய வட்டுக்கு உரியது. இதற்கென ஐடிஏ எனப்படும் பொதுவான எண் வழங்கி ஒன்று கெர்னலில் உண்டு. அது ஓர் எண்ணுக்கு ஒரு பிட் என வைத்துக்கொள்வதால், 128 பைட் இடத்தில் 1,024 எண்களின் நிலையைக் குறித்துவிட முடிகிறது. இரண்டு வட்டுகள் ஒரே கணத்தில் வந்து, இரண்டு செயலிகள் ஒரே காலியிடத்தைக் கண்டுவிட்டால் ஓர் எண் இருவருக்குப் போய்விடும். ஆகவே ஒரு செயலி தேடிக் குறித்து முடிக்கும்வரை மற்றதைக் காக்கவைக்கும் பூட்டும் அதனுடன் சேர்ந்தே உள்ளது.

எண்ணை எழுத்தாக்கும் இடத்தில்தான் ஒரு விந்தை ஒளிந்திருக்கிறது. 0 என்பது ஏ, 25 என்பது இசட் எனக் கொண்டால், 26-ஐ அடியாகக் கொண்ட வழக்கமான எண்முறைப்படி 26-ஆம் எண் பிஏ என்றே வரவேண்டும். ஏனெனில் அம்முறையில் ஏ என்பது பூச்சியம், முன்னால் எத்தனை பூச்சியம் இட்டாலும் மதிப்பு மாறாது. ஆனால் வட்டுப் பெயர்களில் இசட்டை அடுத்து வருவது ஏஏ. கடைசி இடத்தில் பூச்சியமாக நிற்கும் அதே எழுத்து, அதன் இடப்பக்கத்தில் ஒன்றாக மாறிவிடுகிறது. இதைச் சரிக்கட்ட, 26-ஆல் வகுத்துக் கிடைக்கும் ஈவிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கழித்துக்கொண்டு அடுத்த எழுத்துக்கு நகர்கிறது நிரல்: 26-ஐ வகுத்தால் மீதி 0, அதாவது ஏ, ஈவு 1, ஒன்று போக 0, மீண்டும் ஏ. இவ்வாறு ஓரெழுத்திலும் ஈரெழுத்திலும் 702 வட்டுகள் அடங்க, 703-ஆவது வட்டு எஸ்டிஏஏஏ ஆகிறது. சில வரிகளுக்குள் முடிந்துவிடும் இந்தக் கணக்கு, பாடநூல்களில் இடம்பெறத் தக்கது.

எண்ணைத் திரும்பப் பெறுவது, கொடுப்பதைவிட நுட்பமானது. வட்டைப் பிடுங்கிய மாத்திரத்தில் அதன் எண் விடுபடுவதில்லை. அதைப் பற்றியிருக்கும் கடைசி நிரலும் கைவிட்ட பின்னரே விடுபடுகிறது. பயன்பாட்டில் இருக்கும்போதே பிடுங்கி மீண்டும் செருகிய பென் டிரைவ், எஸ்டிபியாக இருந்தது எஸ்டிசியாக வந்து நிற்பதன் காரணம் இதுவே. இவ்வாறு விடுபட்ட எண்ணோ, அடுத்து வரும் எந்த வட்டுக்கும் போய்விடலாம்.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பில் உள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டம் போன்ற இடங்களுக்கு உரிய மரபு இதற்கு நேர்மாறானது. தாவரவியல் தோட்டங்களில் வந்து சேரும் ஒவ்வொரு செடிக்கும் ஒரு சேர்க்கை எண் இடப்படுகிறது. செடி பட்டுப்போனாலும் அந்த எண் வேறொன்றுக்குப் போவதில்லை. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைக்கே உரிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் மரக்கன்றுகள் இரண்டு அருகருகே நின்றால், இனப்பெயர் இரண்டுக்கும் ஒன்றே. எது எங்கிருந்து வந்தது என்பதைச் சேர்க்கை எண் மட்டுமே சொல்லும். வட்டுக்கும் அவ்வாறான எண் இல்லாமலில்லை. தயாரிப்பாளர் பதித்த வரிசை எண்ணும், வட்டின் பகுதியை வடிவமைக்கும்போது அதில் எழுதப்படும் யூயூஐடி என்னும் 128 பிட் அடையாள எண்ணும் அத்தகையவை. எஸ்டிபி என்பதோ அப்போதைக்குக் கிடைத்த இருக்கை மட்டுமே.

இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல், செய்முறைக் குறிப்புகளிலும் காப்புநகல் எடுக்கும் நிரல்களிலும் எஸ்டிபி என்று அப்படியே எழுதிவைக்கும் வழக்கம் பரவலாக இருப்பது வருந்தத்தக்கது. வட்டுகளைக் கெர்னல் கண்டறியும் வரிசை, கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பிட் பிட்டாகப் படியெடுக்கும் டிடி கட்டளையோ, எழுதப்போவது எந்த வட்டில் என்று ஒரு சொல்கூடத் திருப்பிக் கேட்பதில்லை. பல ஆண்டு ஆவணங்கள் ஒரே எழுத்துப் பிழையில் அழிந்துவிடக்கூடும். எண் வழங்கியின்மீது இதில் குற்றமில்லை: ஒரே நேரத்தில் இருவருக்கு ஒரே எண் கிடைக்காது என்பதே அது தந்த வாக்குறுதி, நாளைக்கும் அதே எண் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை.

நிலையான பெயர்களை யூடெவ் என்னும் துணைநிரல், வரிசை எண்ணின் அடிப்படையில், பை-ஐடி என்ற கோப்புறையில் தானாகவே அமைத்துத் தருகிறது. குறிப்பு எழுதுவோர் அப்பெயர்களையே எழுதுதல் வேண்டும். டிடி கட்டளையை இடுவோர், அதற்கு முன் எல்எஸ்பிஎல்கே கட்டளையால் வட்டின் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.