கூரைக்குக் கீழே – 9: பாதி வாடகை சர்க்கார் வாடகை

அமெரிக்காவில் வீட்டுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ‘செக்‌ஷன் எட்டு’ பேச்சு வராமல் போகாது. மாசம் பிறந்தால் பணம் தானாகக் கணக்கில் விழுகிறது என்பார் ஒருவர். அந்தத் தலைவலியே வேண்டாம் என்பார் அடுத்தவர். இருவர் சொல்வதும் நிஜம்தான்.

1974-ல் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் வேர்விட்ட திட்டம் இது. வாடகை உதவி வவுச்சர் பெற்ற ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகைக்குக் கொடுக்கும். மிச்சத்தை உள்ளூர் வீட்டுவசதி முகமை வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடும். மாதம் 1,500 டாலர் வருமானம், 1,200 டாலர் வாடகை என்றால் குடும்பத்தின் பங்கு 450 டாலரை ஒட்டி வரும். குடியிருப்பவருக்கு வேலை போய்விட்டால் முகமை தன் பங்கைக் கூட்டிக்கொள்ளும். தனியார் குடித்தனக்காரருக்கு வேலை போனால் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்க வேண்டியதுதான்.

தலைவலி வேறு பக்கம். குடிவரும் முன் இன்ஸ்பெக்டர் வருவார். புகை எச்சரிக்கைக் கருவி கத்துகிறதா, ஜன்னல் கொக்கி விழுகிறதா என்று பார்ப்பார். 1978-க்கு முன் கட்டிய வீடாக இருந்து, சின்னக் குழந்தையும் குடிவருவதாக இருந்தால், சுவரில் உரிந்த பெயின்ட்டைக்கூட விடமாட்டார். ஈய விஷம் பற்றிய பயம். தேறும்வரை வீடு பூட்டியே கிடக்கும், வாடகை கிடையாது. தனியார் ஆளோ இன்று பார்த்து நாளைக்கே சாமான் இறக்கிவிடுவார்.

அர்பன் இன்ஸ்டிட்யூட் 2018-ல் வெளியிட்ட ஆய்வுக்காக வீட்டுக்காரர்களுக்கு போன் போட்டு, வவுச்சர் ஏற்பீர்களா என்று கேட்டார்கள். ஃபோர்ட் வொர்த்தில் 78 சதவீதம் பேர் மாட்டேன் என்றார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் 76. வவுச்சர்காரரிடம் பாகுபாடு காட்டுவதைச் சட்டம் தடுக்கும் வாஷிங்டன் டி.சி.யில் 15 மட்டுமே. வவுச்சர் கையில் வந்தபின் வீடு தேட முதலில் கிடைக்கும் கெடு பல ஊர்களில் 60 நாள்தான். அலைந்து அலைந்து கெடு முடிந்து, வவுச்சரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம்.

அப்படியானால் யாருக்குமே வேண்டாத குடித்தனமா? பால்டிமோரின் பார்க் ஹைட்ஸில் கதையே தலைகீழ். சமூகவியலாளர் ஈவா ரோசன் அங்கே தங்கிப் பார்த்ததில், வீட்டுக்காரர்கள் வவுச்சர்காரர்களை வலைவீசிப் பிடித்தார்கள். காரணம் கணக்குதான். வவுச்சருக்கான வாடகை உச்சவரம்பை அப்போது பெருநகரம் முழுவதற்கும் ஒன்றாக நிர்ணயித்திருந்தார்கள். ஏழைப் பகுதியில் அது சந்தை வாடகையைவிட அதிகம். வசதியான பகுதியில் குறைவு. ஆளின் குணம், நாணயம் என்று பேசுகிற வீட்டுக்காரர்கூட முதலில் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

டல்லாஸில் ஒரு வழக்குக்குப் பின் 2011-ல் உச்சவரம்பை அஞ்சல் குறியீடு வாரியாகப் பிரித்தார்கள். வவுச்சர் குடும்பங்கள் சற்று நல்ல பகுதிகளுக்கு நகர ஆரம்பித்தன. ஆனால் டல்லாஸ் இருக்கும் அதே டெக்சஸ் மாநிலம், வவுச்சரை மறுக்கக் கூடாது என்று நகராட்சிகள் விதி போடுவதையே 2015-ல் தடுத்துவிட்டது. விலக்கு முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும்.